வலித்தால்தான் சாதகமா?

சென்ற மாதம் முதுகலை மாணவி ஒருவர் எங்கள் ஒலிப்பியல் ஆய்வகத்திற்கு வந்திருந்தார். தமிழ்நாட்டிலிருந்து புணேக்கு வந்து பொருளியல் படிப்பவர். சிறு வயது முதல் கருநாடக இசை கற்பவர். தம் குரலை எங்கள் கருவியில் பதிவு செய்து பார்க்க இயலுமா என்று கேட்டார். கேட்டதே காற்றுக் குரலில்தான். எட்டு வாரங்களாகக் குரல் கம்மியிருக்கிறது. மேல் ஷட்ஜத்தைத் தொடும்போது கழுத்தின் பக்கங்கள் இழுக்கின்றன. காலையில் பேச்சு தெளிய அரைமணி நேரம் ஆகிறது. பாட்டு ஆசிரியரிடம் சொன்னீர்களா என்று வினவினேன். "சொன்னேன் அண்ணா. வலித்தால் சாதகம் உள்ளே இறங்குகிறது என்று பொருளாம்" என்றார்.

குரல்கம்மல் நான்கு வாரங்களைக் கடந்தால் ஆய்வகத்தை நாடக் கூடாது, காது மூக்குத் தொண்டை மருத்துவரை நாட வேண்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். என் கருவி ஒலியை அளக்கும்; குரல்நாணைப் பார்க்காது. ஆனால் அந்த வாக்கியம் என்னை விட்டு அகலவில்லை. இதே வாக்கியத்தைச் சிறு மாற்றங்களுடன் தமிழிலும் மராத்தியிலும் இந்தியிலும் கேட்டிருக்கிறேன். தொண்டை கிழிந்தால்தான் குரல் திறக்கும். ரத்தம் கக்கிப் பாடியவர்தாம் வித்துவான் ஆனார். குருவின் குரலை எட்டும்வரை வலி இருக்கத்தான் செய்யும். இவற்றை மரபின் குரல் என்று நம்புகிறோம். மரபு இப்படிச் சொல்லவில்லை என்பதே என் வாதம்.

இந்நம்பிக்கைக்குப் புணே நகரம் நல்ல விளைநிலம். இங்கு டிசம்பர்க் குளிரில் நடைபெறும் சவாய் கந்தர்வ பீம்சேன் விழாவைப் பீம்சேன் ஜோஷி தம் குருவின் நினைவாக 1953-இல் தொடங்கினார். விழாத் திடலில் சுற்றியுள்ளோர் பேச்சைச் செவிமடுத்தால், பாடகர்களின் வரலாறு பெரும்பாலும் காயமுற்ற தொண்டைகளின் வரலாறாகவே சொல்லப்படுவதைக் காணலாம். சவாய் கந்தர்வருக்கே பதின்பருவத்தில் குரல் உடைந்து இறுகிப்போயிற்று; பிற்காலத்தும் கச்சேரியின் தொடக்கத்தில் குரல் முரண்டு பிடிக்குமாம், பிறகுதான் வழிக்கு வருமாம். அவருடைய மாணவி கங்குபாய் ஹங்கலுக்கு 1940-களில் தொண்டையில் நடந்த சிகிச்சைக்குப் பின் குரல் தாழ்ந்து, ஆண்குரலோ என ஐயுறும் கனத்தை அடைந்தது. குமார் கந்தர்வர் காசநோயால் ஒரு நுரையீரலின் பயனை ஏறத்தாழ இழந்து, தேவாஸில் ஐந்தாண்டுகள் அளவுக்குப் பாடாமல் இருந்து, 1950-களின் தொடக்கத்தில் மீண்டு வந்தவர். ஜெய்ப்பூர் அத்ரௌலி மரபின் முதல்வரான அல்லாதியா கான், ஒரு சிற்றரசின் அவையில் நாள்கணக்கில் ஓயாது பாடிக் குரலை இழந்தார் என்பது அம்மரபினர் வழங்கும் செய்தி.

இந்நால்வர் கதைகளையும் சேர்த்துக் கேட்கும் இளைஞர், துன்பம் இசைக்கு விதை என்று முடிவு செய்துவிடுகிறார். கதைகளைச் சற்று நிதானமாகப் படித்தால் வேறொன்று தெரியும். நால்வரும் காயத்தின் மேல் தொடர்ந்து அடித்துக் குரலைப் பெறவில்லை. பழைய குரல் இனி இல்லை என்பதை ஏற்றுக்கொண்டு, இருக்கும் தொண்டைக்கு எது இயலும் என்று தேடினார்கள். அல்லாதியா கான் பழைய குரலின் இனிமையைத் துரத்தவில்லை. தாளத்தோடு இறுகப் பின்னி வளைந்து செல்லும் தான்களால் தம் பாணியை மறுபடி கட்டினார். கங்குபாய் மெல்லிய பெண்குரலைப் போலியாகச் செய்துகாட்ட முயலவில்லை. தாழ்ந்த குரலின் நிமிர்வையே பாட்டாக்கினார். குமார் கந்தர்வர் நீண்ட மூச்சுத் தொடர்களை விட்டுவிட்டுக் குறுந்தொடர்களையும் அவற்றிடையே மௌனத்தையும் வைத்தார்.

இதில் வேடிக்கையும் வேதனையும் கலந்த செய்தி ஒன்றுண்டு. இரண்டு நுரையீரலும் பழுதின்றி இருக்கும் மாணவர்கள் இன்று குமார் கந்தர்வரைப் போல மூச்சை முறித்து முறித்துப் பாடுகிறார்கள். ஒருவர் தம் உடலின் எல்லைக்குள் கண்டுபிடித்த வழி, அடுத்த தலைமுறையில் எல்லா உடல்களுக்கும் விதியாகிவிடுகிறது. தேடல் கைமாறவில்லை, விளைவு மட்டும் கைமாறுகிறது. கரானா என்று இங்கும் பாணி என்று நம் ஊரிலும் போற்றப்படுவதில் ஒரு பகுதி இவ்வாறு உறைந்துபோன உடற்கூற்றுத் தீர்வு என்று எனக்குத் தோன்றுகிறது. இசையியல் நண்பர்கள் மறுக்கலாம். மறுப்பைக் கேட்க ஆவலாயிருக்கிறேன்.

மொழியியல் படித்தவனுக்குச் சொல்லாராய்ச்சி தவிர்க்க முடியாத நோய். தமிழ்க் கச்சேரி விமரிசனங்களில் "நல்ல சாரீரம்" என்று எழுதுகிறோம். சரீரம் என்னும் உடற்சொல்லிலிருந்து பிறந்தது இது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் தேவகிரி யாதவர் ஆதரவில் சார்ங்கதேவர் இயற்றிய சங்கீத ரத்னாகரம், பயிற்சியின்றியும் இராகத்தைப் புலப்படுத்த வல்ல குரலாற்றலைச் சாரீரம் என்கிறது. உடலோடு உடன்பிறந்ததால் அப்பெயர் என்று காரணமும் கூறுகிறது. தேவகிரி இன்றைய மராட்டிய மாநிலத்திலேதான் உள்ளது. குரல் உடலோடு பிறப்பது என்று சொல்லும் நூல் இந்த மண்ணில் எழுதப்பட்டிருக்க, பிறருடைய உடலோடு பிறந்த குரலை நம் உடலில் ஏற்ற முயல்வதைச் சாதகம் என்கிறோம்.

அதே நூல் பாடகரின் குற்றங்கள் இருபத்தைந்தை அடுக்குகிறது. பல்லைக் கடித்துப் பாடுதல், வாயை அளவுக்கு மீறிப் பிளத்தல், ஒட்டகம் போலக் கழுத்தை நீட்டுதல், கழுத்தைச் சுரைக்குடுக்கை போல உப்பச் செய்தல், முகத்திலும் கழுத்திலும் நரம்பு புடைக்கப் பாடுதல், கழுத்தைக் கோணுதல் எனப் பட்டியல் நீளும். இவற்றை வெறும் மேடை ஒழுக்கம் என்று வகுப்புகளில் கடந்துவிடுகிறோம். ஒரு குரல் மருத்துவர் இன்று பாடகரின் உடலில் கண்ணால் தேடும் மிகையிறுக்க அடையாளங்களோடு இப்பட்டியலை ஒப்பிட்டுப் பாருங்கள். தாடை, கழுத்துத் தசை, புடைத்த நாளம், நிலை கோணிய தலை எல்லாம் இரண்டிலும் உண்டு.

தமிழிலும் சான்றுக்குக் குறைவில்லை. சீவக சிந்தாமணியில் காந்தருவதத்தை பாடும் காட்சியில் புருவம் ஏறவில்லை, கண் ஆடவில்லை, மிடறு விம்மவில்லை, பல் வெளியே தோன்றவில்லை என்று திருத்தக்கதேவர் ஒவ்வோர் உறுப்பாகச் சொல்லிச் செல்கிறார். வாய் திறந்துதான் பாடினாளா என்று கேட்டவர்கள் மயங்கும் அளவுக்கு முயற்சியின் தடமே முகத்தில் இல்லை. அழகியல் உயர்வு நவிற்சி என்று இதை ஒதுக்கலாம். ஆனால் மிடறு விம்மக்கூடாது என்று குறிப்பாகச் சொல்ல, பாடுவோரின் மிடற்றைக் கூர்ந்து பார்த்த ஒரு மரபு பின்னால் இருந்திருக்க வேண்டும். வலியைப் போற்றிய மரபாக இது எனக்குத் தெரியவில்லை.

இனி, என் சொந்தக் கணக்கு ஒன்று. எங்கள் ஊரில் நான் பாட்டுக் கற்ற வகுப்பில் இருபது பேருக்கும் ஒரே சுருதிப்பெட்டி. அது என்றும் ஐந்து கட்டையில் நிற்கும். பதினான்கு வயதில் என் குரல் உடைந்தது. ஆண்பிள்ளைகளுக்கு அப்பருவத்தில் குரல்வளை வளர்ந்து, குரல்நாண்கள் நீண்டு தடித்து, பேச்சுச் சுருதி ஏறத்தாழ ஒரு ஸ்தாயி இறங்கும். பெண்பிள்ளைகளுக்கும் இறங்கும், அளவு குறைவு. எனக்கு இதை யாரும் சொல்லவில்லை. சாதகம் போதவில்லை என்றார்கள். ஓராண்டு கத்திப் பார்த்தேன். பிறகு பாடுவதையே நிறுத்திவிட்டேன். ஒலிப்பியலுக்கு நான் வந்ததில் அந்த ஓராண்டுக்கும் பங்குண்டு என்று நினைக்கிறேன்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஐந்து கட்டைச் சுருதியில் பெண்களும் சிறுவரும் பாடும் மத்திய ஷட்ஜம் நொடிக்கு ஏறக்குறைய 196 அதிர்வு. மேல் ஷட்ஜம் 392. அதாவது மேல் ஷட்ஜத்தில் ஒரு நிமிடம் நின்றால் குரல்நாண்கள் ஒன்றோடொன்று 23,000 முறைக்கு மேல் மோதுகின்றன. மென்மையாகப் பொருந்தி விலகினால் இது இயல்பான வேலை. அதற்காகவே அமைந்த உறுப்பு அது. கழுத்தை இறுக்கி, கீழிருந்து காற்றழுத்தத்தை ஏற்றி, நாண்களை நெரித்து மூடினால் அத்தனை மோதலும் அடியாக விழுகிறது. நாளடைவில், மோதல் மிகுதியாக விழும் நடுப்பகுதியில் வீக்கம் வருகிறது; அது தொடர்ந்தால் முடிச்சாகிறது. முடிச்சுள்ள நாண்கள் முழுமையாக மூடா, காற்று கசியும், கசிவை ஈடுசெய்யப் பாடகர் இன்னும் இறுக்குவார். சாதகம் போதவில்லை என்று ஆசிரியர் சொல்வது பெரும்பாலும் இக்கட்டத்திலேதான்.

கட்டை என்ற சொல்லையே சற்று கவனியுங்கள். ஆர்மோனியத்தின் விசைப்பலகைக் கட்டை அது. மராத்தியிலும் "காளீ ஏக்", "பாண்டரீ பாச்" என்று கறுப்பு வெள்ளைக் கட்டைகளின் எண்ணைச் சொல்லியே பாடகரின் சுருதியைக் குறிப்பார்கள். ஐரோப்பாவிலிருந்து வந்த ஒரு பெட்டியின் பல்வரிசையால் மனிதத் தொண்டையை அளக்கிறோம். தம்புராவுக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது. இரண்டு கட்டைகளுக்கு இடைப்பட்ட எந்தப் புள்ளியிலும் அதை நிறுத்தலாம். உங்கள் சுருதி அங்கே இருக்கக் கூடும்.

ஒலிவாங்கியையும் மறந்துவிடக் கூடாது. பால கந்தர்வர் மராத்தி நாடக மேடையிலும் எஸ்.ஜி. கிட்டப்பா தமிழ் நாடக மேடையிலும் பாடத் தொடங்கிய காலத்தில் கடைசி வரிசைக்குக் குரலை எறிய வேண்டியிருந்தது. உயர் சுருதி அன்றைய அரங்கின் தேவை. ஒலிவாங்கி வந்த பின் அத்தேவை போயிற்று. ஆனால் உயர் சுருதியின் கௌரவம் போகவில்லை. ஒரு கட்டை இறக்கச் சொன்னால் மாணவர்கள் தோற்றதுபோல் முகம் வாடுகிறார்கள். மேடையில் கால்மணி நேரம் மேல் ஸ்தாயியில் நிற்பவருக்குக் கைதட்டும் நாமும் இதில் உடந்தை.

வசதியான குரல் என்றால் சோம்பல் குரலா? இந்த எதிர்வினை வரும் என்று தெரியும். ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். பாடி முடித்தபின் வயிற்றுத் தசையிலும் விலாவிலும் அயர்வு இருக்கலாம். கவனத்தைக் குவித்ததால் தலை சோரலாம். தொண்டையில் வலி, எரிச்சல், இழுப்பு, மறுநாள் காலைக் கம்மல் ஆகியவை அயர்வின் வகையில் சேரா. உழைப்பு எங்கே விழ வேண்டும் என்பதே நுட்பம். தொல்காப்பியம் பிறப்பியலில் எழுத்தொலியின் காற்று உந்தியிலிருந்து எழுவதாகச் சொல்கிறது. பாட்டு ஆசிரியர்களும் நாபியிலிருந்து பாடு என்கிறார்கள். இதை உடற்கூறாகப் படித்தால் பிழை. காற்று நுரையீரலிலிருந்துதான் வருகிறது. உழைப்பைக் கழுத்திலிருந்து வயிற்றுக்கு இறக்கு என்னும் உணர்வுக் குறிப்பாகப் படித்தால் மிகச் சரி. அதே இயல், ஒலி பிறக்கும் இடங்களாகத் தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என எட்டைத் தருகிறது. பாடகர் பலர் மிடறு ஒன்றையே வேலை வாங்கி மற்ற ஏழையும் சும்மா வைத்திருக்கிறார்கள்.

வாயை மூடி "ம்" என்று சுருதி பிடிப்பதை எடுத்துக்கொள்வோம். உதடும் மூக்கும் அதிர, தொண்டை லேசாகும். பழச்சாறு குடிக்கும் மெல்லிய குழலை உதட்டில் வைத்து அதன் வழியே ஸ்வரம் பாடும் பயிற்சியை அமெரிக்கக் குரலியல் அறிஞர் இங்கோ டிட்ஸே பரவலாக்கினார். இரண்டின் தத்துவமும் ஒன்றே. வாய்ப்பக்கம் வழி குறுகும்போது மேலே உண்டாகும் எதிரழுத்தம் குரல்நாண்களைச் சற்றே விலக்கி வைக்கிறது. குறைந்த மோதலில் நிறைந்த ஒலி கிடைக்கிறது. நம் வகுப்புகளில் "ம்" பாடுவதைச் சோம்பேறித்தனம் என்று கண்டிப்பார்கள், அகாரம் ஒன்றே சாதகம் என்பார்கள். அகாரம் தேவைதான். அதற்கு முன் பத்து நிமிடம் "ம்" இருந்தால் என்ன குறைந்துவிடும்? இந்துஸ்தானியில் விடியற்காலையில் மந்திர ஷட்ஜத்தில் நின்று செய்யும் கரஜ் சாதனையும் இவ்வகையில் அறிவுடையது. தாழ்ந்த சுருதியில் நாண்கள் தளர்ந்து மெதுவாக அதிர்கின்றன; உறுப்பு விழிக்க நேரம் கிடைக்கிறது. ஆனால் அதையும் நெஞ்சை அழுத்திக் கரகரக்கச் செய்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை எனக்கே வேண்டும். குரல்வளையைக் கண்ணாடியால் கண்டு பாடும் கலைக்கு அறிவியல் வாயிலைத் திறந்தவர் மனுவேல் கார்சியா. 1854-இல் தம் தொண்டையையே கண்ணாடியில் பார்த்தார். அவர் ஐரோப்பிய இசைநாடக மரபின் பாட்டு ஆசிரியர். அதன் பின் வந்த குரலியலின் பெரும்பகுதி அம்மரபின் தொண்டைகளைக் கேட்டு உருவானது. அதன் அளவுகோலால் நம் நாட்டார் குரல்களை நோயுற்றவை என்று முத்திரை குத்துவது எளிது, தவறும்கூட. இரவு முழுதும் பாடும் தெருக்கூத்துக் கலைஞரின் குரல் கரடாக ஒலிக்கலாம். அவர் அதை எப்படிப் பல ஆண்டுகள் தாங்குகிறார் என்பதை முதலில் கேட்க வேண்டும்.

கேட்டால் விடை அமைப்பிலேயே இருக்கிறது. கூத்தில் முன்னவர் பாடியதைப் பின்பாட்டுக்காரர் வாங்கித் திரும்பப் பாடுவார். அந்த நேரம் முன்னவரின் மிடற்றுக்கு ஓய்வு. மராட்டியத்துப் பவாடாவில் சாகிர் ஓர் அடியை முழங்கி நிறுத்த, பின்னால் நிற்பவர்கள் "ஜீ ஜீ" என்று ஏந்திக்கொள்வார்கள். கருநாடகக் கச்சேரியில் பாடகர் ஆலாபனையை நிறுத்த வயலின் தொடர்கிறது; தனி ஆவர்த்தனம் வந்தால் முழு ஓய்வு. இவற்றை அழகியல் மரபுகளாக மட்டும் படித்து வந்திருக்கிறோம். தொண்டையின் பக்கத்திலிருந்து பார்த்தால் இவை குரலைப் பகிர்ந்து சுமக்கும் ஏற்பாடுகள். தனியறையில் மின்சுருதியை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் இடைவிடாது அகாரம் பாடும் மாணவிக்கு இந்தப் பகிர்வு கிடையாது. சாதகத்தை மரபு என்கிறோம். மரபில் இருந்த ஓய்வை வெளியே விட்டுவிட்டோம்.

இதைப் படிக்கும் பேராசிரியர்களுக்கு ஓர் இடைக்குறிப்பு. குரலைத் தொழிலில் மிகுதியாகச் செலவிட்டுப் பழுதாக்கிக்கொள்வோரில் ஆசிரியர்கள் முன்வரிசையில் உள்ளவர்கள். அறுபது பேர் வகுப்பில், மின்விசிறிச் சத்தத்துக்கு மேல், பின்பாட்டே இல்லாமல் நாளுக்கு நான்கு மணி நேரம் பேசுகிறீர்கள். நீங்களும் இந்தக் கட்டுரையின் பொருள்தான்.

இசைத் துறைகளில் இருக்கும் நண்பர்களிடம் நான் கேட்பது பெரிதன்று. முதல் பருவத்தில் இரண்டு வாரம் குரல் உறுப்பைப் பற்றிப் பாடம் நடத்துங்கள். ஒவ்வொரு மாணவருக்கும் சுருதியைத் தனியே கண்டறிந்து, ஆண்டுக்கு ஒருமுறை மறுபடி பாருங்கள். குரல் உடையும் பருவத்துப் பையன்களுக்கு மாதம் ஒருமுறை. வகுப்பில் "எங்காவது வலிக்கிறதா" என்று கேளுங்கள். வலிக்கிறது என்று சொல்பவர் அன்று பாடாமல் உட்கார்ந்து கேட்டால் வருகைப்பதிவில் கை வைக்காதீர்கள். அப்துல் கரீம் கான் 1913-இல் இந்நகரில் ஆர்ய சங்கீத வித்யாலயத்தைத் தொடங்கினார். உருக்கமும் நுண்மையும் கொண்ட மெல்லிய குரல் அவருடையது. இறுதியில் 1937-இல் தமிழ்நாட்டுப் பயணத்தின்போது சிங்கப்பெருமாள் கோயில் ரயில் நிலையத்தில் உயிர் நீத்தார். அவருடைய மாணவர் சவாய் கந்தர்வர். அவருக்கு மாணவர்கள் கங்குபாயும் பீம்சேன் ஜோஷியும். ஒரே வழியில் வந்த இந்நால்வரின் ஒலித்தட்டுகளையும் ஒரே மாலையில் அடுத்தடுத்துக் கேளுங்கள். எந்த இருவர் குரலும் ஒன்றுபோல் இல்லை.

மாணவியின் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். தமிழில்தான் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொண்டு ஒப்புதல் தந்திருக்கிறார். மருத்துவர் பார்த்துவிட்டார், தொடக்கநிலை வீக்கம்தான், அறுவை தேவையில்லை என்றாராம். பேச்சுப் பயிற்சியாளரிடம் வாரம் ஒரு முறை செல்கிறார். சுருதியை ஐந்தரையிலிருந்து நாலரைக்கும் ஐந்துக்கும் இடையே ஓரிடத்தில் நிறுத்தியிருக்கிறார். கைப்பேசித் தம்புராவில் அந்த இடத்துக்குப் பெயர் இல்லை. ஆசிரியர் இன்னும் சம்மதிக்கவில்லை. வகுப்பில் மற்றவர்களோடு சேர்ந்து பாட முடியாது என்பதால் இப்போதைக்குக் கடைசி வரிசையில் உட்கார்ந்து தாளம் மட்டும் போடுகிறார்.